விடியுமுன் கொழும்பு

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் வீதி என்று அரசாங்கம் சொல்கிற வீதியில் மட்டக்களப்பு ஆட்கள் யாரும் கொழும்புக்குப் போவதில்லை. அதன் இலக்கம் ஏ4. கொழும்பில் தொடங்கி அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று மலையடிவாரத்தைப் பிடித்து வந்து, பொத்துவிலில் கடலைக் கண்டு, அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிக்குடி வழியாகக் கடைசியில் எங்களிடம் வந்து முடிகிறது. ஏறக்குறைய 430 கிலோமீற்றர். ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கம் வீதியோரக் கிலோமீற்றர் கல்லில் நானூற்றுச் சொச்சம் என்று பார்த்துவிட்டு, கொழும்பு அவ்வளவு தூரமா என்று சின்ன வயதில் மலைத்துப்போய் நின்றிருக்கிறேன்.

நாங்கள் போவது நேர் எதிர்ப்பக்கமாக. வடக்கே ஏ15இல் ஓட்டமாவடி தாண்டி, நாவலடிச் சந்தியில் திருகோணமலை றோட்டை விட்டு மேற்கே ஏ11இல் திரும்பி, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, அங்கிருந்து ஏ6இல் தம்புள்ளை, குருநாகல், அம்பேபுஸ்ஸ, பிறகு கண்டி - கொழும்பு வீதியான ஏ1. எல்லாம் சேர்த்து சுமார் 315 கிலோமீற்றர். நாலு இலக்கங்களை ஒட்டவைத்த பாதை, அதற்கென்று ஒரு பெயர் கிடையாது, எங்களுக்கு அது ‘கொழும்பு றோட்டு’, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விசயம். இந்தப் பாதையில் போய் வராத குடும்பம் எங்கள் ஊரில் கிடையாது, இந்தப் பாதையைப் பார்த்தவர்களோ மிகக் குறைவு. ஏனென்றால் நாங்கள் இரவில்தான் போகிறோம், போகும்போதும் இரவு, வரும்போதும் இரவு.

கணக்கு ரொம்பச் சின்னது. கொழும்பில் எந்த அலுவலும் காலையில்தான் தொடங்கும். தூதரகத்தில் விசா நேர்முகம், பெரிய டொக்டரைக் காட்ட ஒரு நம்பர், வெளிநாட்டு ஏஜென்சியில் மெடிக்கல், தலைமைக் காரியாலயத்தில் இருந்து வரவேண்டிய ஒரேயொரு கையெழுத்து. முதல் நாளே போனால் லொட்ஜ் எடுக்க வேண்டும். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் இருந்தாலும் அவர்களுக்கே ரெண்டு அறை வீடு, அதற்குள் போய்ப் பாயை விரிக்கக் கூச்சம். இரவு பஸ் ஏறினால் அறைக் காசு மிச்சம், ஒரு நாள் சம்பளம் மிச்சம், அலுவல் முடிந்ததும் அன்றிரவே திரும்பி, மறுநாள் காலை வேலைக்கும் போய்விடலாம். ரெண்டு இரவு நித்திரை போகும், அதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

பஸ்கள் பெரும்பாலும் அக்கரைப்பற்றில் அல்லது கல்முனையில் இருந்து வரும். மட்டக்களப்புக்கு வந்து சேரும்போது முன்சீற்றெல்லாம் நிந்தவூரும் சாய்ந்தமருதும் மருதமுனையும் பிடித்திருக்கும். எங்களுக்கு மிஞ்சுவது பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீற், முழங்கால் நாடியில் இடிக்கும். ஃபோனில் புக் பண்ணும்போது ‘நடுவிலதான் தம்பி’ என்பார்கள், ஏறிப் பார்த்தால் நடு என்பது சக்கரம். இதற்காகச் சண்டை பிடிப்பவர்களும் உண்டு, பிடித்துப் பிரயோசனமில்லை என்பது என் அபிப்பிராயம், கரடியனாறுக்குப் போகிற பஸ்ஸா இது, விட்டுவிட்டு அடுத்ததில் போக?

ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, சந்திவெளி, கிரான், வாழைச்சேனை, ஓட்டமாவடி. இந்த முப்பது சொச்சம் கிலோமீற்றருக்கும் வெளிச்சம் இருக்கும். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், திரும்பத் தமிழ் ஊர், கோயில் மணி, பள்ளிவாசல் விளக்கு, கொத்துரொட்டித் தட்டுகிற சத்தம். அந்தச் சந்திகளில் ஒவ்வொருவராக ஏறுவார்கள், வழியனுப்ப வந்தவர்கள் மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் நிற்பார்கள். ஓட்டமாவடிக்கு அங்கால் கடைகள் முடிகிற இடத்தில் கண்டக்டர் உள்விளக்கை அணைத்துவிடுவார். டிரைவர் தனக்காக மெல்லிசாய் ஒரு பாட்டைப் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு எங்களைப் பொறுத்தவரை இலங்கை கிடையாது, கொழும்பில் பஸ் கொண்டுபோய் இறக்கிவிடுகிற புறக்கோட்டைதான்.

நடுவில் ஒரே ஒரு நிறுத்தம். சாப்பாட்டுக்கு. அந்த இடத்தை எனக்கு நல்லாய்த் தெரியும்: கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்ப் எரிய மாலு பணிஸும் ரோல்ஸும் அடுக்கியிருக்கும், எந்த நேரத்தில் சுட்டது என்று கேட்கக்கூடாது. டிரைவரும் கண்டக்டரும் எங்களோடு உட்காரமாட்டார்கள், உள்ளே தடுப்புக்குப் பின்னால் அவர்களுக்குத் தனி மேசை, சோறு, கோழிக்கறி, பொரியல், காசு வாங்குவதில்லை, பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியதற்கு அதுதான் கூலி. கழிப்பறை வாசலில் ஒரு முதியவர் மேசை போட்டு, சில்லறைக் காசுகளைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெண்கள் தனியே போகமாட்டார்கள், பக்கத்துச் சீற்றில் இருப்பவர் யாரென்றே தெரியாது, இருந்தாலும் ‘வாங்க போயிட்டு வருவம்’ என்று கூட்டிக்கொண்டு போவார்கள். அக்கரைப்பற்று உம்மாவும் கல்லடி அக்காவும் ஒருவர் பிள்ளையை மற்றவர் மாறிமாறி வைத்துக்கொண்டு நிற்பதை அங்கேதான் பார்க்கலாம். பிளேன்ரீ நல்ல சூடு, சீனி அதிகம். குடித்து முடிக்குமுன் ஹோன் அடிக்கும்.

அந்த இடத்தின் பெயர் என்ன என்று பஸ்ஸில் யாரையாவது கேளுங்கள். வருசக்கணக்காகப் போய் வருபவர்களுக்கும் தெரியாது. ‘சாப்பாட்டுக்கு நிப்பாட்டுற இடம்’ என்பார்கள். பெயர்ப்பலகை சிங்களத்தில் இருக்கும் என்பது ஒரு காரணம், பாதி நித்திரையில் இறங்குகிறோம் என்பது மற்றது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. அப்பாவின் தலைமுறைக்குக் கொழும்பு என்றால் கோச்சி. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல், அதற்கப்புறம் இரவு மெயில்தான் இந்த ஊரின் படித்த வர்க்கத்துக்குக் கொழும்பின் வாசல். மறுகா சண்டைக்காலம் வந்து இரவைப் பறித்துக்கொண்டது. இருட்டினால் வெலிக்கந்தை தாண்ட முடியாது என்பதால் பயணம் பகலுக்கு மாறிவிட்டது. இப்போது பாதையைக் காணாத குறையைச் சொல்கிறேன் பாருங்கள், அன்றைக்கு அதை ஒவ்வொரு அடியாக நடந்தே பார்த்தோம். செக் பொயின்ற்றில் இறங்கி, பேக்கை எல்லாம் சுமந்து வரிசையில் நடந்து, அடையாள அட்டையை நீட்டி, பேக்கைக் கொட்டிக் காட்டி, திரும்ப அடைந்து, அந்தப் பக்கம் வெறும் பஸ் வந்து நிற்கிறவரை வெயிலில் காய்ந்து, ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் போக அடுத்த செக் பொயின்ற். முதியவர்களுக்கு மட்டும் சிலவேளை இரக்கம் காட்டுவார்கள். காலையில் புறப்பட்டால் கொழும்பு போய்ச் சேருவது இருட்டில், சேர்ந்ததும் தங்கும் இடத்தில் பொலிஸ் பதிவு.

மன்னம்பிட்டியில் மகாவலிக்கு மேலே அப்போது ஒரே ஒரு பாலம். பழைய இரும்புப் பாலம், தண்டவாளமும் வாகனமும் ஒரே தளத்தில். கோச்சி வருகிறது என்று கேற்றைப் பூட்டினால் ரெண்டு பக்கமும் லொறியும் பஸ்ஸும் வரிசை கட்டும். ஓட்டமாவடியிலும் அதே கதைதான், அங்கேயும் ரயிலும் றோட்டும் ஒரு பாலத்தைப் பங்குபோட்டுக்கொண்டன. மன்னம்பிட்டியில் ஜப்பான் உதவியுடன் வாகனத்துக்கென்று தனிப்பாலம் கட்டி 2007 ஒக்டோபரில் திறந்தார்கள், 302 மீற்றர், அந்த நேரத்தில் நாட்டிலேயே நீளமான பாலம். அதே 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில்தான் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. பாலம் திறப்பு விழா பற்றிப் பேசும்போது எங்கள் ஊரில் ஆட்கள் இந்த பஸ்ஸையும் சேர்த்தே பேசுவார்கள். றோட்டு ஒன்றுதான், ஆளைக் கூட்டிப்போவதும் அதில்தான், திருப்பி அனுப்புவதும் அதில்தான்.

திருகோணமலைப் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அது இன்னும் மோசமாக இருந்தது, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று கரையோடு போகிற ஏ15இல் களப்புக்கும் ஆற்றுக்கும் பாதை (மிதவைப் படகைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வது) ஏறி இறங்க வேண்டும், சண்டையில் அதுவும் அடைபட்டு ஹபரணையைச் சுற்றித்தான் திருகோணமலை போனார்கள். 2009 ஒக்டோபரில் 396 மீற்றரில் கிண்ணியாப் பாலம் வந்து மன்னம்பிட்டியின் முதலிடத்தைப் பறித்துக்கொண்டது. இப்போது ரெண்டரை, மூன்று மணித்தியாலத்தில் போய்விடலாம். சரி, நான் கொழும்புக்கு வருகிறேன்.

சண்டை முடிந்து காப்பெற் றோட்டு வந்ததும் இரவு திரும்பக் கிடைத்தது, நாங்களும் உடனே அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டோம். நான் இந்தப் பாதையைப் பகலில் நிதானமாகப் பார்த்தது அண்மையில்தான், அதுவும் ஏயார்போர்ட் வான் புண்ணியத்தில்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அவர் மட்டும் போவதில்லை. பக்கத்து வீட்டுப் பொடியன் கட்டாருக்குப் போனான், வானில் தாய், தகப்பன், மாமா, மாமி, தங்கச்சிமார், கட்டப்போகிற பிள்ளையின் தமையன், இடம் இருக்கிறதென்று நான். மேலே கரியரில் ஒரு கார்ட்போர்ட் பெட்டி, நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் வரிந்து, நாலு பக்கமும் கறுப்பு மார்க்கரில் அவன் பெயர், ‘தோஹா’. உள்ளே மிளகாய்த்தூள், கருவாடு, முறுக்கு, ஒரு போர்வை. சித்தாண்டியில் முருகன் கோயிலடியில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தினோம். குருநாகல் வரைக்கும் பஸ் போகிற பாதைதான், அங்கிருந்து கொழும்புக்குப் போகாமல் நாரம்மல, கிரிஉல்ல, திவுலப்பிட்டிய, மினுவங்கொட என்று தென்னந்தோட்டங்களுக்குள்ளால் கட்டுநாயக்கா ஏயார்போர்ட்டுக்கு. வளைகுடாவில் உழைக்கிற எத்தனையோ கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகள் கொழும்பைக் கண்டதே இல்லை, மினுவங்கொடச் சந்தியைத்தான் கண்டிருக்கிறார்கள். தாய் வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. கண்ணாடிக் கதவு வரைக்கும் போய், ‘சாப்பிட்டியா என்டு எடுத்துச் சொல்லு மனே’ என்றதோடு சரி.

அவன் உள்ளே போனபின் திரும்புகிறோம், தம்புள்ளையில் நல்லாய் விடிந்துவிட்டது. பொருளாதார மத்திய நிலையத்தில் இருந்து கரட்டும் கோவாவும் ஏற்றின லொறிகள் எங்களோடு கிழக்கே வருகின்றன. எதிரே வாழைச்சேனை மீன் லொறிகள் போகும், ஆனால் அவை இரவிலேயே பேலியகொடை மீன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், மீனும் எங்களைப் போலத்தான். ஹபரணையில் இருந்து மின்னேரியா வரைக்கும் ரெண்டு பக்கமும் காடு, யானை கடக்கும் இடம் என்ற பலகைகள், சுற்றுலா ஜீப்புகள். இந்தக் காட்டைத்தானே நான் கண்ணை மூடிக்கொண்டு இத்தனை காலம் கடந்தேன் என்று நினைக்கக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. யானை என்றால் எங்களுக்குச் செய்திதான்: 2025 பெப்ரவரியில் ஹபரணைக் காட்டுக்குள் மட்டக்களப்பு ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. பகலில் அந்தப் புதர் எவ்வளவு நெருக்கமாக வீதியையும் தண்டவாளத்தையும் ஒட்டி நிற்கிறது என்று பார்த்தால், டிரைவர்மாரைக் குறை சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

கதுருவெல தாண்டினால் கல்லெல்ல. பள்ளமான வயல்வெளி. மகாவலி பெருகினால் தண்ணீர் வீதிக்கு மேலே ஏறிவிடும், எங்களுக்குக் கொழும்பு அறுந்துவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நடந்ததும் அதுதான். அந்தச் சமயத்தில் ஒருவரும் ஏ4ஐ ‘கொழும்பு வீதி’ என்று நினைவுபடுத்திப் பயனில்லை, மலைநாட்டில் மண்சரிந்து அந்தப் பக்கமும் அல்லோலகல்லோலம்.

மன்னம்பிட்டிக்கு இங்கால் கொட்டலிய பாலம். ஒடுக்கமான பழைய பாலம். 2023 ஜூலையில் ஒரு இரவு கதுருவெலயில் இருந்து எங்கள் பக்கம் வந்த தனியார் பஸ் அதில் மோதி ஆற்றுக்குள் விழுந்தது, பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பெரிய பாலத்துக்கு நாட்டில் முதலிடம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம், சின்னப் பாலத்தை யாரும் கவனிக்கவில்லை. இன்றைக்கும் இரவு பஸ்கள் ஒன்றையொன்று முந்துவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும், பயணிகளில் பாதிப்பேர் நித்திரை என்பதால் டிரைவரை யாரும் கேட்பதில்லை. பகலில் என்றால் ஒரு ஆச்சியாவது சத்தம் போடுவா.

வெலிக்கந்தையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். எங்கள் ஊரில் இந்த இடத்தின் பெயரைச் சொன்னாலே சண்டைக்காலத்துச் சென்றிதான் ஞாபகம் வரும், ஆனால் பகலில் அது வேறு ஊர். மதுறு ஓயாத் தண்ணீரில் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல், வாய்க்கால், வாய்க்காலில் குளிக்கும் பிள்ளைகள். மகாவலித் திட்டத்தின் பி வலயம் இது, ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி அரசாங்கம் ஆட்களைக் குடியேற்றிய இடம். அந்தக் குடியேற்றங்களைப் பற்றி எங்கள் பக்கம் ஒரு கதை, அந்தப் பக்கம் இன்னொரு கதை, ரெண்டும் இன்னும் முடியவில்லை. கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும், சிங்களம், தமிழில் பேசினா. ஓட்டமாவடிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோய்ப் பழகினதாம். தயிர்ச்சட்டி ஒன்றை மூடியைக் கழற்றி அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக் காட்டினா, ஒரு சொட்டு விழவில்லை. எங்களோடு வந்த மாமி, மகனை அனுப்பிவிட்டு வந்த தாயின் கையில் அந்தச் சட்டியை வைத்து, ‘பிடி பிள்ளை, வீட்ட போய்ச் சோத்துக்கு ஊத்துவம்’ என்றா. காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாத மனுசி அதற்குத் தலையாட்டினா.

பிறகு புணானை. இங்கே ரயில்பாதை போட்ட காலத்தில் சிறுத்தை ஒன்று மனிதரைத் தின்னத் தொடங்கி, குறைந்தது பன்னிரண்டு பேரைக் கொன்றதாகச் சொல்வார்கள். 1924இல் கப்டன் அகர் என்ற வெள்ளைக்காரர் அதைச் சுட்டார். பாடம் செய்த அதன் உடலைக் கொழும்பு நூதனசாலையில் வைத்தார்கள். எங்கள் பாதையில் இருந்து போய்க் கொழும்பில் நிரந்தர இடம் பிடித்தது அந்தச் சிறுத்தைதான் என்று மாமா சொன்னார், வான் முழுக்கச் சிரிப்பு. இப்போது அந்தக் காட்டுக்கு நடுவில் பெரிய கட்டிடங்கள் எழும்பி நிற்கின்றன, 2020இல் கொரோனா தொடங்கினபோது வெளிநாட்டில் இருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்தது அங்கேதான்.

இனி அதிவேகப்பாதைக்கு வருகிறேன். மீரிகம - குருநாகல் துண்டு 2022 ஜனவரியில் திறந்தார்கள், ஏறக்குறைய 41 கிலோமீற்றர். மிச்சமும் வந்தால் கொழும்பு கைக்கெட்டும் தூரம் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோசம் இல்லை. ஏனென்றால் றோட்டு நல்லதாக ஆக, நாங்கள் இன்னும் நேரத்தோடு போய்ச் சேருகிறோம், அவ்வளவுதான். முன்பு விடிய ஐந்தரைக்கு, பிறகு நாலரைக்கு, இப்போது சில பஸ்கள் மூன்றரைக்கே புறக்கோட்டையில் இறக்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் அங்கே என்ன இருக்கிறது? நாயும் நுளம்பும். கைப்பிள்ளையோடு வந்தவர்களும் ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளும் பேக்கின் மேல் உட்கார்ந்து ஐந்து மணித்தியாலம் காத்திருப்பார்கள், தூதரகம் எட்டரைக்குத்தான் திறக்கும். வேகமான றோட்டைவிட, கொழும்புக்குப் போகவேண்டிய அலுவலில் பாதியை இங்கேயே முடித்துத் தந்தால் போதும் என்று நான் சொன்னால் ‘அபிவிருத்திக்கு எதிரானவன்’ என்பார்கள். எதிரில்லை. எனக்கு நித்திரை வேண்டும்.

சரி, அதுவரைக்கும் பஸ்ஸையாவது பிந்தி எடுக்கலாமே என்று ஒரு தடவை கல்முனை பஸ் கண்டக்டரிடம் கேட்டேன். நல்ல மனுசன், டிக்கெட்டுக் கட்டைத் தொடையில் தட்டிக்கொண்டே யோசித்தார்.

“நானா, எட்டரைக்குப் பதிலா பதினொரு மணிக்கு எடுத்தா என்ன? ஆட்கள் வீட்டில சாப்பிட்டு ஆறுதலா வருவாங்க, அங்கயும் விடியப் போய்ச் சேரலாம்.”

“எடுக்கலாம் தம்பி. ஆனா நாங்க பதினொண்டுக்கு எடுத்தா மத்தவன் பத்தரைக்கு எடுப்பான், அப்புறம் நாங்க பத்துக்கு. கடைசியில திரும்ப எட்டரைக்குத்தான் வந்து நிப்பம். அதவிட, சாப்பாட்டுக் கடைக்காரன் ஒரு மணிக்குப் பூட்டிப் போடுவான்.”